நிபுணர் ஆஜர், எதிர்மனுதாரர் ஆஜரில்லை

கூரைப் பணி ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் பெரம்பலூர் – அரியலூர் கூட்டுக் கிளையில், ஆனி மாதம் பத்தொன்பதாம் தேதி நடந்த முதல் விசாரணையில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு.

நடு மேசைக்குப் பின்னால், முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்திய சுழல் நாற்காலியில், தலைவர் தர்மன். அவருக்கு இடப்பக்கம், கம்ப்யூட்டருக்கும் ஜன்னலுக்கும் நடுவே, செயலர் நர்மதா. வலப்பக்கம் கைவைத்த நாற்காலி ஒன்று. அதற்கு முன்னால் ‘தொழில்நுட்ப நிபுணர் உறுப்பினர்’ என்ற அட்டை இருந்தது, உறுப்பினர் இல்லை, டீ குடிக்கக் கீழே போயிருந்தார். மேசைக்கு எதிரில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். சிவப்பில் மனுதாரர் குழந்தைவேல், மடியில் பையோடு. நீலம் எதிர்மனுதாரருக்கு; காலி. கதவோரம் ஸ்டூலில் மனுதாரரின் மனைவி வளர்மதி. அவருக்கு எழுதப்பட்ட இடம் என்று எதுவும் இல்லாததால் அங்கே உட்காரவைத்தார்கள்.

இந்தப் பட்டியலைக் குழந்தைவேல் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் சர்க்கரை ஆலை எடைமேடையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, யார் ஓட்டி வந்தார், கரும்பில் தோகை எவ்வளவு என்று எழுதி எழுதி, எழுதிவைக்காத எதையும் நடந்ததாக நம்ப முடியாத மனிதராக ஆகியிருந்தார்.

புகார் இதுதான். எறையூரில் உள்ள அவர் வீட்டின் பழைய ஓட்டைப் பிரித்துவிட்டு, நீல நிறக் கலர் ஷீட் போட்டுத் தந்தவர் விக்கிரமங்கலத்துக் கான்ட்ராக்டர் அய்யம்பெருமாள். சரிவான கூரையில் ஷீட்டை இரண்டு வரிசையாகப் போடும்போது மேல் வரிசையின் நுனி கீழ் வரிசைக்கு மேலே ஏறி உட்கார வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வழிந்து வெளியே போகும். அய்யம்பெருமாள் கீழ் வரிசையைத் தூக்கி மேல் வரிசைக்கு மேலே போட்டிருந்தார். சித்திரையில் அடித்த கோடை மழையில் மேல் கூரைத் தண்ணீர் மொத்தமும் அந்த வாய் வழியாக உள்ளே இறங்கி நடு அறையில் கொட்டியது.

நடு அறை, மகள் பூங்குழலிக்காக ஒதுக்கியது. ஆண்டிமடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஐப்பசியில் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு பிறந்த வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ஓட்டைப் பிரித்ததே அவள் வருவதற்காகத்தான். அய்யம்பெருமாளைப் போனில் கூப்பிட்டால் “நாளைக்கு ஆளு வந்துருவாங்கண்ணே” என்பார். இப்படி முப்பத்தாறு நாளைக்கள் நோட்டில் ஏறிய பிறகுதான் குழந்தைவேல் வாரியத்துக்கு எழுதினார்.

தர்மன் மேசை மணியை அழுத்தினார். செயலர் நர்மதா வாசலுக்குப் போய், “எதிர்மனுதாரர் அய்யம்பெருமாள்” என்று மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறைக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. துண்டால் வாயைத் துடைத்தபடி அய்யம்பெருமாள் உள்ளே வந்தார். “வாங்கண்ணே. அண்ணி, சௌக்கியங்களா? பஸ்ஸுல எடம் கெடச்சுதா?” என்று விசாரித்துவிட்டு நேரே போய்க் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எழுதுங்கம்மா,” என்றார் தர்மன். “நிபுணர் உறுப்பினர் ஆஜர். எதிர்மனுதாரர் மும்முறை அழைத்தும் ஆஜரில்லை.”

குழந்தைவேல் எழுந்து நின்றார். “சார், இவருதானுங்க அவரு.”

“எவரு?”

“எங்க கூரையப் போட்டவரு.”

தர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐயா, நீங்க வெவரமானவரு மாதிரி தெரியுறீங்க. அந்த நீல நாற்காலியப் பாருங்க. யாராச்சும் உக்காந்திருக்காங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப எதிர்மனுதாரர் வரல. இங்க உக்காந்திருக்கிறவரு வாரியம் நியமிச்ச நிபுணர். ரெண்டு மாவட்டத்துலயும் இந்தப் பதவிக்கு மனு போட்டது இவரு ஒருத்தருதான். ஒருத்தருதாங்கிறதால போட்டியில்லாமத் தேர்வானாரு. அவருக்குள்ள மரியாதைய நாம குடுக்கணும்.”

“அப்ப அவர எந்திரிச்சு இந்த நீல நாற்காலியில உக்காரச் சொல்லுங்க,” என்றாள் வளர்மதி கதவோரத்திலிருந்து.

“நிபுணர எதிர்மனுதாரரா மாத்துறதுக்கு வாரியத்துக்கு அதிகாரம் இல்லம்மா. சம்மன் வேணா அனுப்பலாம்.” தர்மன் ஒரு கணம் யோசித்தார். “தபால்ல போனா லேட்டாவும். நம்ம உறுப்பினரு அந்தப் பக்கம்தான் போறாரு, கையில குடுத்துவிடுங்க.”

அய்யம்பெருமாள் சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “வூட்டுல இருந்தா குடுத்துடறேன் சார். ஆளு நிக்க மாட்டாரு, எப்பவும் அலைச்சலு.”

அடுத்தது சாட்சியம். குழந்தைவேல் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கோடை மழையன்று ஒழுகிய இடங்களில் அண்டா, குடம், குளிக்கிற வாளி எல்லாம் வைத்துப் பிடித்து, ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, பாத்திரத்தின் எடையைக் கழித்து, கால் மணி நேரத்துக்கு ஒரு வரியாக அவர் எழுதியிருந்தார். மொத்தம் நூற்றுப் பதினான்கு கிலோ மழை.

தர்மன் தாளை இரண்டு பக்கமும் பார்த்தார். “இந்தப் படிவத்துல ஒழுகல லிட்டர்லதான் குடுக்கணும்.”

“தண்ணிக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே சார்.”

“அத நீங்க சொல்றீங்க. மழைத்தண்ணிய எடை போட உங்ககிட்ட உரிமம் இருக்கா?”

“ஆலையில முப்பத்தோரு வருஷம் எடை போட்டிருக்கேன்.”

“அது கரும்பு.” தர்மன் தாளை அன்போடு திருப்பிக் கொடுத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, மனுதாரருக்கு நம்பிக்கை ஊட்டும் வகையில் பேசினார். “நான் இந்தப் பொறுப்புக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. இந்த ரெண்டு மாவட்டத்துலயும் ஒரு உரிமம்கூட ரத்தானதில்ல. எப்படி? ஒரு புகாரும் முடியல. முடிஞ்சிருந்தா ரெண்டு தரப்புல ஒரு தரப்பு மனசு நொந்துதான் போயிருக்கும். மனசு நோகாம நிர்வாகம் பண்றதுங்கிறது சாதாரண விஷயமில்ல. மேலிடத்துல கேட்டாங்க, எப்படி சார் ஒங்க கிளையில மட்டும் மேல்முறையீடே வர்றதில்லன்னு. நான் சொன்னேன், தீர்ப்பு குடுத்தாத்தானே மேல்முறையீடு.”

அய்யம்பெருமாள் தலையை ஆட்டிக் குறிப்பெழுதினார். மனுதாரரின் கூரை அன்று முதல் சாட்சிப் பொருள் என்றும், வாரியம் நேரில் ஆய்வு செய்யும் என்றும், அதுவரை யாரும் கூரையைத் தொடக்கூடாது என்றும் உத்தரவானது.

*

ஆய்வுக்கு ஆடி மாதம் வந்தார்கள். தர்மன், நர்மதா, அய்யம்பெருமாள் மூவரும் ஒரு காரில் இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. தலைவர் நடு அறையில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“ஒழுகலையே.”

“மழை பெய்யலீங்களே சார். ரெண்டு குடம் தண்ணிய மேல ஊத்திக் காட்டுறேன்.”

“அது செயற்கைத் தண்ணி. கூரைக்குப் போட்ட ஷரத்து இயற்கை மழைக்கு.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மேற்கே திரண்டிருந்த மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. புழுதி கிளம்பி, பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. மூன்று மாதத்தில் குழந்தைவேல் ஒரு மழையைப் பார்த்து சந்தோஷப்பட்டது அன்றுதான். “சார், வந்துடுச்சுங்க” என்று திரும்பினால் அறையில் யாரும் இல்லை. மூன்று பேரும் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றியிருந்தார்கள்.

அவர் நனைந்துகொண்டே ஓடிக் கண்ணாடியைத் தட்டினார். தர்மன் இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார்.

“சார், கொட்டுதுங்க. அருவி மாதிரி. வந்து ஒரு கண்ணு பாத்துடுங்க.”

“விதி பதினாலு. மழை நேரத்துல அலுவலர் யாரும் கூரைப் பக்கம் போவக்கூடாது. அலுவலர் பாதுகாப்பு. நின்னதும் வர்றோம்.”

வளர்மதி உள்ளே அண்டாவை மாற்றிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் பெய்தது. நின்றதும் கார்க் கதவுகள் திறந்தன. தர்மன் வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஈரத்தைத் தாண்டி உள்ளே வந்து, கணுக்கால் தண்ணீரில் நின்று மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

“இப்ப சொட்டுதா?”

“நின்னுடுச்சுங்களே சார்.”

“எழுதுங்கம்மா. ஆய்வின்போது ஒழுகல் ஏதும் காணப்படவில்லை. தரையில் தண்ணீர் உள்ளது. அதன் காரணம் ஆய்வின் எல்லைக்குள் வராது.”

ஏணி வைத்து மேலே ஏறிய நிபுணர் நெடுநேரம் இறங்கவில்லை. இறங்கியபோது முகம் உண்மையிலேயே வாடியிருந்தது. குழந்தைவேலின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

“அண்ணே, நான் மறைக்க விரும்பல. நிபுணருங்கிற முறையில பாத்தா அது சுத்தத் தப்பு. கீழ்த் தகடு மேல ஏறிக் கெடக்கு. எவன் போட்டான்னு கேக்கத் தோணுது.”

“நீங்கதாம்பா போட்டீங்க.”

“அதான் சிக்கலு. போட்டவரு என்ன நெனச்சு அப்படிப் போட்டாருன்னு அவரு வாயால கேக்காம நான் ஒரு முடிவு சொல்லிட்டா, அது ஒருதலைப்பட்சமாயிரும். அவருதான் ஆஜராகவே மாட்டேங்குறாரே.” பெருமூச்சு விட்டார். “சம்மன ரெண்டு தரம் கொண்டு போனேன்ணே. ஆளு இல்ல.”

போகும்போது கூரையின் நான்கு மூலையிலும் துணி நாடா கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். ‘சாட்சிப் பொருள் 7. தொடுவோர் தண்டிக்கப்படுவர்’ என்று வாசல் கதவில் ஒட்டினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் குழந்தைவேல்.

அடுத்த வாரம் வளர்மதி, பக்கத்து ஊரில் ஷீட் வேலை செய்யும் பூமாலையைக் கூட்டிவந்தாள். அவர் ஏணியில் நான்கு படி ஏறி முத்திரையைப் பார்த்தார். அப்படியே நான்கு படி இறங்கினார். “அக்கா, இந்த ஷீட்டத் திருப்பிப் போடறது ஒரு மத்தியான வேலை. ஆனா நான் லைசென்சு இல்லாத ஆளு. சர்க்காரு அரக்க ஒடச்சேன்னு என்னயப் புடிச்சா, எனக்கு உக்காரக்கூட அங்க நாற்காலி இருக்காது.”

“நீங்களே ஏறிப் பிச்செறிங்களேன்,” என்றாள் வளர்மதி கணவனிடம்.

குழந்தைவேல் ஏணியைப் பார்த்தார். கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். ஆயுளில் ஒரு வண்டியைக்கூடச் சீட்டு இல்லாமல் எடைமேடை தாண்டவிட்டதில்லை அவர். “எழுதியிருக்கே வளரு,” என்றார்.

*

ஆவணியில் ஆண்டிமடத்தில் வளைகாப்பு. ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போனார்கள். வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, சாப்பாடும் முடிந்தது. பூங்குழலி பெட்டியைக்கூட எடுத்து வெளியே வைத்திருந்தாள். அப்போது அவள் மாமியார் கலியம்மாள் வந்து வளர்மதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சம்மந்தி, நான் சொல்றத தப்பா எடுத்துக்கக் கூடாது. போன வாரம் எங்க பெரியவன் ஒங்க வூட்டுப் பக்கம் வந்தான். கதவுல நோட்டீசு ஒட்டியிருக்கு, மேல சீலு வச்சிருக்குன்னான். கடனுக்கு சப்தி பண்ணிட்டாங்களோன்னு பதறிப்போனான்.”

“கடனெல்லாம் இல்லீங்க சம்மந்தி. கூரை சாட்சியா இருக்கு,” என்றார் குழந்தைவேல்.

“இருக்கட்டும். சாட்சிக்குக் கீழ பச்சப்புள்ளய எங்க போடுவீங்க? ஐப்பசி மழை அடிச்சா அண்டாவுக்கு எடம் பாப்பீங்களா, தொட்டிலுக்கு எடம் பாப்பீங்களா? அது சரியாவட்டும், நானே கொண்டாந்து விடறேன்.”

அதில் மறுத்துச் சொல்ல எதுவும் இல்லை. அதுதான் குழந்தைவேலுக்குக் கஷ்டமாக இருந்தது. பூங்குழலி வாசல்வரை வந்தாள்.

“அப்பா, கட்டில அந்த மூலைக்கு நகத்திப் போட்டா நனையாதுல்ல?”

“அந்த மூலையிலதாம்மா அதிகம். முப்பத்தெட்டு கிலோ.”

அவள் சிரித்துவிட்டுப் பெட்டியை உள்ளே எடுத்துப் போனாள். வரும்போது சோற்றோடு கனத்த பாத்திரங்கள் திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றோடொன்று முட்டி ஓசையிட்டன. வளர்மதி அவற்றைப் பிடித்து நிறுத்தவில்லை.

*

அதற்குப் பிறகு குழந்தைவேல் வாரம் தவறாமல் எழுதினார். வாரியம் திங்கள், செவ்வாய் பெரம்பலூரிலும் வியாழன், வெள்ளி அரியலூரிலும் நடந்தது. புதன்கிழமை கோப்புகள் பஸ்ஸில் இருக்கும். அவருடைய பதிவுத் தபால்கள் பெரும்பாலும் புதன்கிழமை போய்ச் சேர்ந்தன. புரட்டாசி கடைசி வியாழனன்று நேரிலேயே அரியலூருக்குப் போனார். விசாரணை அறையில் செயலர் நர்மதா மட்டும் இருந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அந்த அலுவலகத்தில் குழந்தைவேலுக்குப் பிறர் போட்ட முதல் நாற்காலி அது.

“ஐயா, உங்க கோப்ப நிறுத்தி வச்சிருக்கோம். அய்யம்பெருமாளோட உரிமம் போன மார்ச்சோட முடிஞ்சுபோச்சு. இப்பத்தான் கவனிச்சோம்.”

“அப்ப நடவடிக்கை எடுக்க இன்னும் வசதிதானுங்களே மேடம்.”

“இல்லீங்கய்யா. உரிமம் இருக்கிறவங்க மேலதான் புகாரு நடத்த முடியும். இல்லாத உரிமத்த எப்படி ரத்து பண்றது? அவரு புதுப்பிச்சாத்தான் கோப்பு நவரும்.”

“உரிமமே இல்லாதவரு எப்படி நிபுணரு?”

“நியமிச்ச அன்னிக்கு உரிமம் இருந்தாப் போதும். அது மூணு வருஷப் பதவி.”

அடுத்த அறையில் அய்யம்பெருமாள் யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது.

“சரிங்க மேடம். நான் புகார வாபஸ் வாங்கிக்கறேன். முத்திரைய எடுத்துடுங்க. எனக்கு அந்தக் கூரையத் திருப்பிப் போட ஒரு மத்தியானம் போதும்.”

நர்மதா விதிப் புத்தகத்தைத் திறக்கவில்லை, மனப்பாடம் போலிருந்தது. “வாபஸுக்கு எதிர்மனுதாரர் நேர்ல வந்து சம்மதிக்கணும். அவரு ஒரு விசாரணைக்கும் ஆஜராகல.”

குழந்தைவேல் நோட்டை மூடினார். எழுத ஒன்றும் இல்லாமல் அவர் நோட்டை மூடிப் பழக்கமில்லை. நர்மதா கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“ஒரே வழிதானுங்கய்யா இருக்கு. உரிமம் புதுப்பிக்க, கடைசியா வேலை செஞ்ச மூணு எடத்துலருந்து திருப்திச் சான்று வேணும். ரெண்டு வந்துடுச்சு. ஒண்ணு அவரு மாமனாரு வூடு. இன்னொண்ணு தலைவரு மச்சானோட மாட்டுக்கொட்டாய்.”

“மூணாவது?”

நர்மதா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “அவரு மொத்தமே மூணு கூரைதான் போட்டிருக்காரு.”

குழந்தைவேல் மூடிய நோட்டை மறுபடி திறந்தார்.

“நான் திருப்தின்னு எழுதிக் குடுத்தா, என் புகாரு என்னாவும் மேடம்?”

“உரிமம் வந்துரும். உங்க புகாரு அடுத்த விசாரணைக்கு வரும். நிபுணரு உங்க சான்றையே எடுத்துக் காட்டுவாரு. தள்ளுபடி ஆயிரும்.” நிறுத்தி, இன்னும் மெதுவாகச் சொன்னார். “தள்ளுபடி ஆனா, அது சாட்சிப் பொருள் இல்லீங்க. முத்திரையப் பிரிச்சுருவோம். அப்புறம் உங்க கூரை, நீங்க என்ன வேணா பண்ணிக்கலாம்.”

படிவம் பதினொன்றை அவர் ஒரு உறையோடு சேர்த்துக் கொடுத்தார். உறை சொந்தக் காசில் வாங்கியது போலிருந்தது. அரசாங்க முத்திரை இல்லை.

*

படிவத்தை நிரப்ப குழந்தைவேலுக்குப் பதினோரு நாள் ஆனது. பெயர், முகவரி, தகட்டின் நிறம் எல்லாம் முதல் நாளே எழுதிவிட்டார். எட்டாவது பத்தி: பணி திருப்திகரமாக உள்ளதா? அதில் ‘ஆம்’ என்ற இரண்டெழுத்துக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒன்பதாவது பத்தியில் பேனா நின்றுவிட்டது.

ஐப்பசி ஏழாம் தேதி காலை ஆண்டிமடத்திலிருந்து மாப்பிள்ளை போன் பண்ணினார். பூங்குழலிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நாள் இன்னும் இருக்கிறது, ஆனாலும் இன்றே ஆகிவிடும் என்கிறார்கள். வளர்மதி பழைய சேலைகளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இரவு முழுக்கப் பெய்த மழை நடு அறையில் வைத்திருந்த முழங்கால் உயர அண்டாவை நிரப்பித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏங்க, பஸ் வந்துரும். வந்து எழுதிக்கலாம்.”

“இன்னிக்குப் போட்டாத்தான் வெள்ளிக்கிழமை விசாரணையில எடுப்பாங்க வளரு.”

“இனிமே எடுத்து என்னத்துக்கு?”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். வளர்மதி பையை வைத்துவிட்டு, நனையாத ஒரே இடமான சமையலறை நிலைப்படியில் அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். “சரி, எழுதுங்க. பொறக்கப்போற புள்ளயாவது மூணாம் மாசம் இங்க வந்து கெடக்கட்டும். என்ன கேட்டிருக்கான்?”

அவர் வாசித்தார். “ஒன்பது. இப்பணியால் பயனாளர் குடும்பம் அடைந்த நன்மைகள். ஐந்து வரிகளுக்குக் குறையாமல்.”

வளர்மதி கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கடைக்குச் சாமான் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் சொல்லச் சொல்ல, கோணாத எழுத்தில் இறக்கினார்.

‘வீட்டில் வெளிச்சமும் காற்றும் கூடியுள்ளன. தண்ணீருக்குத் தெருக்குழாய்க்குப் போக வேண்டியதில்லை. நடு அறையில் ஆள் புழக்கம் இல்லாததால் வீடு விசாலமாக உள்ளது. மகளின் தலைப்பிரசவத்தைச் சம்பந்தி வீட்டாரே பார்த்துக்கொள்வதால் எங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. பேரப்பிள்ளை பிறந்த தகவல் கிடைத்ததும் நாங்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.’

எண்ணிப் பார்த்தார். ஐந்து வாக்கியம். தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு வளர்மதி பேனாவை வாங்கித் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, பசையை எச்சில் தொட்டு ஒட்டி, உள்ளங்கையால் ஓரம் ஓரமாக அழுத்தினார்.

தபால் ஆபீஸில் கூட்டம் இல்லை. கவுண்டரில் இருந்த பெண் உறையை வாங்கி முகவரியைப் பார்த்தாள். “பதிவுத் தபாலுங்களா?”

“ஆமாம்மா. ரசீது வேணும்.”

அவள் ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். உறைமேல் இரண்டு குத்து குத்திப் பின்னால் தொங்கிய சாக்குக்குள் போட்டாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.